வால்வு அடியிலா, வாயிலா? சிறிய ஆயில் ஃபில்டருக்கு ஓர் ஒப்பீடு

நாகர்கோவிலின் கோணம் பகுதியில் எங்கள் பட்டறை மேசைமேல் மூன்று ஆயில் ஃபில்டர்கள் பிரித்துக் கிடக்கின்றன. இரண்டு, திருகி மாட்டும் இரும்பு டப்பாக்கள். மூன்றாவது, அலுமினியக் கிண்ணத்துக்குள் வெறும் காகித உருளையைச் செருகும் வகை. மூன்றிலும் பைபாஸ் வால்வு உண்டு. ஒன்றில் அது டப்பாவின் அடியில் இருக்கிறது, இன்னொன்றில் வாய்ப்பக்கம், மூன்றாவதில் கிண்ணத்தின் உடம்பிலேயே. அடி என்று நான் சொல்வது மூடிய, குவிந்த முனையை. வாய் என்பது மரையும் கேஸ்கெட்டும் இருக்கும் பக்கம்.

லோடு ஆட்டோக்களுக்கும் சிறிய சரக்கு வண்டிகளுக்கும் பொருந்தும் ஒரு ஃபில்டரை நானும் என் கூட்டாளியும் வடிவமைத்துக்கொண்டிருக்கிறோம். வெளிவிட்டம் 65 மி.மீ., உயரம் 75 மி.மீ. அதற்கு மேல் வண்டியில் இடம் கிடையாது. வால்வை எங்கே வைப்பது என்று முடிவு செய்த பிறகுதான் அச்சு வெட்டக் கொடுக்க முடியும். வெட்டிய அச்சை மாற்றுவது புதிதாகச் செய்வதைவிடச் செலவு. ஆகவே ஆறு மாதமாக இந்த ஒரு கேள்வியில் நிற்கிறோம். என் முடிவு வாய்ப்பக்கம். கூட்டாளியின் முடிவு அடிப்பக்கம். அவர் வாதம் எளிதில் தள்ளக்கூடியது அல்ல என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வால்வு எதற்கு என்பது. இன்றைய இன்ஜின்களில் பம்ப் தள்ளும் ஆயில் முழுவதும் ஃபில்டர் வழியாகத்தான் பேரிங்குகளுக்குப் போகிறது. காகிதம் அடைத்துக்கொண்டாலோ, ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருந்தாலோ, அந்தப் பாதை மூடும். பேரிங்குக்கு ஆயில் வராவிட்டால் இன்ஜின் சில நிமிடங்களில் இறுகிப் பிடித்து நின்றுவிடும். அழுக்கு ஆயில் வந்தால் தேய்மானம் கூடும், ஆனால் வண்டி வீடு வந்து சேரும். இந்த இரண்டில் பின்னதைத் தேர்ந்தெடுக்கும் கதவுதான் பைபாஸ் வால்வு. காகிதத்தின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு ஒரு எல்லையைத் தாண்டினால் ஸ்பிரிங் அமுங்கி வழி திறக்கும், ஆயில் வடிகட்டப்படாமலே உள்ளே போகும். (பைபாஸ் ஃபில்டர் என்பது வேறு. 1923-இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் உருவாக்கிய ப்யூரோலேட்டர் போன்ற முற்கால ஃபில்டர்கள் ஆயிலின் ஒரு பகுதியை மட்டும் வடிகட்டின. அவற்றைத்தான் அப்படி அழைப்பார்கள். பட்டறைகளில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.)

கதவு திறந்திருப்பது ஓட்டுநருக்குத் தெரியாது. பெரும்பாலான இன்ஜின்களில் ஆயில் விளக்குக்கான சுவிட்ச் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஆயில் வந்துகொண்டுதான் இருக்கிறது, அழுக்கோடு. அதனால் விளக்கு எரியாது. இதனால்தான் வால்வு திறக்கும்போது எந்த ஆயில், எந்த வழியாக, எதைத் தொட்டுக்கொண்டு போகிறது என்பது எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

அடிப்பக்க வால்வைப் பார்ப்போம். சந்தையில் பெரும்பான்மை இதுதான், காரணம் இல்லாமல் இல்லை. வால்வை நடுக்குழாய்க்குள் (காகித உருளையின் நடுவே, வடிகட்டிய ஆயில் வெளியேறும் குழாய்) ஏற்றி வைத்துவிடலாம். காகித உருளையை வாய்ப்பக்கம் அழுத்திப் பிடிக்க எப்படியும் அடியில் ஒரு ஸ்பிரிங் தேவை, அதன் தாங்கியிலேயே வால்வும் உட்கார்ந்துவிடும். உயரம் வீணாவதில்லை. எங்கள் டப்பாவில் இப்படி வைத்தால் காகிதத்துக்கு 50 மி.மீ. உயரம் கிடைக்கிறது. 12 மி.மீ. ஆழத்தில் 45 மடிப்புகள். ஒரு மடிப்புக்கு இரண்டு முகம் என்று கணக்கிட்டால் 540 சதுர செ.மீ. காகிதம். மடிப்பைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். நடுக்குழாயின் சுற்றளவு சுமார் 94 மி.மீ. தான். 45 மடிப்பில் ஒவ்வொன்றுக்கும் 2 மி.மீ.க்குச் சற்று மேல் இடம் உண்டு. 60 மடிப்பு என்றால் ஒன்றரை மி.மீ. தான் வரும். காகிதத்தின் இரண்டு சுவர்களே அந்த இடத்தை நிரப்பிவிடும். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கணக்கில் இருக்கும் காகிதம் வேலையில் இருக்காது.

வால்வை வாய்ப்பக்கம் கொண்டுவந்தால் மரை இருக்கும் வாய்த்தட்டுக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஒரு வளையம் வேண்டும். எங்கள் முதல் வரைபடத்தில் அது 8 மி.மீ. விழுங்கியது. காகிதம் 42 மி.மீ. உயரத்துக்கு, அதாவது 454 சதுர செ.மீ.க்கு இறங்கியது. நூற்றுக்கு 16 பங்கு போய்விட்டது. கூட்டாளி பிடித்துக்கொண்டது இங்கேதான். காகிதம் குறைந்தால் அழுக்கு பிடிக்கும் அளவும் குறையும். சீக்கிரம் அடைக்கும். சீக்கிரம் அடைத்தால் வால்வு சீக்கிரம் திறக்கும். வால்வு திறக்கும்போது ஏற்படும் தீங்கைக் குறைப்பதற்காக, வால்வு அடிக்கடி திறக்கும் ஃபில்டரை ஏன் செய்ய வேண்டும்? அவருடைய கேள்வி இதுதான்.

சொன்ன கிலோமீட்டரில் ஃபில்டரை மாற்றும் ஊரில் அவர் சொல்வது சரி. ஆனால் நாங்கள் யாருக்காகச் செய்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களிலிருந்து மீன் ஏற்றும் வண்டிகள், தோவாளைப் பூச்சந்தைக்கு இருட்டிலேயே வந்து சேரும் வண்டிகள், குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் ஷீட் இறக்கும் வண்டிகள். மீன் வரத்து நன்றாக இருக்கும் நாட்களில் ஆயில் மாற்ற வண்டியை நிறுத்த யாருக்கும் மனம் வராது. தொழில் இல்லாத நாட்களில் கையில் பணம் இராது. ஃபில்டர் அதன் காலத்தைக் கடந்து ஓடும் என்பதையே விதியாக வைத்துக்கொண்டு வடிவமைக்க வேண்டிய இடம் இது.

குளச்சலில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் பழைய ஃபில்டர்களை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். அவற்றை ரம்பத்தால் அறுக்கக் கூடாது. இரும்புத் தூள் உள்ளே விழுந்து, எது இன்ஜினின் தூள், எது நம் தூள் என்று தெரியாமல் போகும். குழாய் வெட்டும் கருவி போன்ற சக்கர வெட்டியால் வாய்ப்பக்க மடிப்பை ஒட்டிச் சுற்றி வெட்ட வேண்டும். அப்படி ஒரு டப்பாவைத் திறந்து கவிழ்த்தபோது ஆயில் வடிந்த பிறகும் அடிக் குழிவில் கறுப்புக் களி அப்பிக்கொண்டிருந்தது. விரலில் தேய்த்தால் நறநறவென்றது. அந்தக் களிக்கு ஒரு விரல் அகலத்துக்கு மேலேதான் பைபாஸ் வால்வின் துளை. “தம்பி, இந்த வண்டிக்குப் போன மாதம்தான் பேரிங் மாற்றினேன்” என்றார் அண்ணாச்சி. அந்தப் பேரிங்கை அவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். உள்முகம் முழுக்க வட்டவட்டமாகக் கீறல்.

ஒரே ஒரு டப்பாவையும் ஒரே ஒரு பேரிங்கையும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பதை அறிவேன். கீறலுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் அந்த வழி எப்படி இயங்குகிறது என்பது தெளிவு. வாய் மேலேயும் அடி கீழேயுமாகத் தொங்கும் ஃபில்டரில், காகிதத்தின் வெளிப்புறத்திலிருந்து உதிரும் கனத்த அழுக்கு அடியில் படிகிறது. அடியில் உள்ள வால்வு திறந்தால் ஆயில் டப்பாவின் பக்கவாட்டில் இறங்கி, அடிக்குப் போய், அந்தப் படிவின் மேல் ஓடித்தான் உள்ளே நுழைய வேண்டும். பல வாரங்களாகப் பிடித்து வைத்த அழுக்கு ஒரு வேகத்தில் பேரிங்குக்குப் போகும். வாய்ப்பக்க வால்வில் அப்படி இல்லை. உள்ளே வரும் துளைக்கும் வெளியே போகும் குழாய்க்கும் நடுவில் மேலேயே குறுக்கு வழி. அந்த நேரத்து ஆயில் வடிகட்டப்படாமல் போகும் என்பது உண்மை. ஆனால் அடியில் படிந்தது அசையாது.

ஆகவே நான் செய்தது, 16 பங்கு இழப்பை எவ்வளவு குறைக்க முடியும் என்று பார்ப்பது. இன்ஜின் நின்ற பிறகு ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் எப்படியும் வாய்ப்பக்கம்தான் இருக்கிறது. பைபாஸ் வால்வின் தட்டு உட்காரும் விளிம்பையும் அந்த ரப்பரைத் தாங்கும் தட்டையும் ஒரே துண்டாக்கினோம். ஸ்பிரிங் நடுக்குழாய்க்குள் இறங்கிவிட்டது. 8 மி.மீ. 5 ஆயிற்று. காகிதம் 486 சதுர செ.மீ., இழப்பு நூற்றுக்குப் பத்து. இதற்குமேல் குறைக்க எனக்கு வழி தெரியவில்லை. அந்தப் பத்தை நான் கொடுக்கத் தயார். 10,000 கி.மீ. தாங்க வேண்டிய டப்பா 9,000 கி.மீ. தாங்கும் என்று அட்டையிலேயே அச்சடித்துவிடுவேன்.

மூன்றாவது வகையான கிண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை. பொருளாக அது மூன்றிலும் நேர்த்தியானது. ஒவ்வொரு முறையும் ஓர் இரும்பு டப்பா குப்பைக்குப் போகாது. வால்வு நிரந்தரமாக நல்ல எஃகில் இருக்கும். காகிதத்துக்கு முழு இடமும் கிடைக்கும். ஆனால் அதை மாற்றுவது சாலையோரக் கூரைக்கு அடியில். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும் மாதங்களில், கிண்ணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைத் தேடும் அந்த இரண்டு நிமிடத்தில் உள்ளே என்னென்ன விழும் என்பது அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதுவும் ஆயிலின் சுத்தமான பக்கத்தில் விழும், எந்தக் காகிதமும் அதைத் தடுக்காது. நிரந்தர வால்வில் ஒரு தூசி சிக்கினால் அடுத்தடுத்த மாற்றங்களிலும் அது திறந்தே கிடக்கும். டப்பாவில் அந்தக் கேடு ஒரு முறையோடு முடிகிறது. இன்ஜினை நாமே வடிவமைக்காதபோது கிண்ணத்தைச் சேர்க்க இடமும் இல்லை.

அடுத்தது திறக்கும் அழுத்தம். எங்கள் விவாதத்தில் அதிக நேரம் எடுத்தது இதுதான். 0.7 பார், 1.2 பார், 2 பார் என மூன்று எண்களை எடுத்துக்கொண்டோம் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). வேறோர் எண்ணை இன்ஜின் தயாரிப்பாளர் குறித்திருந்தால் அதுதான் இறுதி. இன்ஜின் பிளாக்கிலேயே பைபாஸ் வால்வு இருந்தால் ஃபில்டரில் இன்னொன்று வைப்பதே தவறு. இரண்டில் பலவீனமானது முதலில் திறக்கும். நாங்கள் குறிவைத்த வண்டிகளில் பிளாக்கில் வால்வு இல்லை.

15டபிள்யூ-40 வகை இன்ஜின் ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 20 டிகிரியில் ஏறக்குறைய 20 மடங்கு கெட்டி. நாகர்கோவிலில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரிக்குப் பெரிதாகக் கீழே இறங்குவதில்லை. இமயமலைப் பக்கம் பனியில் நிற்கும் வண்டியில் இந்த மடங்கு நூறைத் தாண்டிவிடும், அங்கே வால்வு காலையில் திறந்தே தீரும். இங்கே அது கட்டாயம் அல்ல, நாம் எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். எங்கள் மாதிரியில் புதிய காகிதத்துக்கு, சூடான ஆயில் நிமிடத்துக்கு 12 லிட்டர் ஓடும்போது, காகிதத்தைத் தாண்டுவதில் அழுத்த இழப்பு சுமார் 0.04 பார். அதே ஓட்டம் விடியற்காலைக் கெட்டி ஆயிலில் என்றால் 0.8 பார். ஐடிலிங்கில் ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு என்றால் கால் பாருக்குச் சற்று மேல். 0.7 பார் வால்வு வைத்தால், அதிகாலை நான்கு மணிக்கு வண்டியை எழுப்பி உடனே ஆக்சிலரேட்டரை மிதிக்கும் ஓட்டுநரின் புத்தம் புதிய ஃபில்டர்கூடத் திறந்துவிடும். துறைமுகத்தில் எல்லோரும் அப்படித்தான் மிதிக்கிறார்கள், ஏலம் காத்திருக்காது. 1.2 பாரில் புதிய ஃபில்டர் மூடியே இருக்கும். பாதி அடைத்ததும் ஐடிலிங்கில் மூடியிருக்கும், வேகமாக மிதித்தால் மட்டும் சில நிமிடம் திறக்கும்.

2 பார் வைத்தால் இன்னும் நல்லதல்லவா என்று தோன்றும். அழுத்தம் மிகாமல் காக்கும் பம்பின் ரிலீஃப் வால்வு 4 பாரில் திறக்கிறது என்று வைத்துக்கொண்டால், அடைத்த ஃபில்டரில் 2 பார் போக, பேரிங்குக்கு மிஞ்சுவது 2 பார்தான். சுமையோடு ஏற்றம் ஏறும் வண்டிக்கு அது போதுமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. காகிதமும் நடுக்குழாயும் எப்போதும் 2 பாரைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். சூட்டிலும் ஈரத்திலும் நலிந்த பசை ஓரிடத்தில் விட்டால், காகிதம் கிழிந்து அதுவே அழுக்காகிவிடும். 1.2 என்று முடிவு செய்தோம். கூட்டாளிக்கும் இதில் மறுப்பு இல்லை.

எண்ணைத் தேர்ந்தெடுத்துவிடலாம். ஒவ்வொரு டப்பாவிலும் அதே எண் வர வேண்டுமே. வால்வின் துளைகளின் மொத்தப் பரப்பு 120 சதுர மி.மீ. 1.2 பாருக்கு ஸ்பிரிங் 14.4 நியூட்டன் விசையில் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். தகடு அடித்துச் செய்யும் இலை ஸ்பிரிங் மலிவு, உயரமும் குறைவு, சிறிய டப்பாவுக்கு ஆசை காட்டும். ஆனால் அது விறைப்பானது. ஒரு மி.மீ. அமுங்க 10 நியூட்டன் கேட்கும் இலையில், ஒட்டும்போதும் மடிக்கும்போதும் 0.3 மி.மீ. உயர வேறுபாடு வந்தால் விசை 3 நியூட்டன் மாறும். ஒரு டப்பா 0.95 பாரில் திறக்கும், இன்னொன்று 1.45 பாரில். அதே இடத்தில் மி.மீ.க்கு 1.5 நியூட்டன் கேட்கும் சுருள் ஸ்பிரிங்கை வைத்தால் அரை நியூட்டனுக்குள் நிற்கும், நூற்றுக்கு மூன்று. சுருள் ஸ்பிரிங்குக்கு இடம் வேண்டும் என்பதால்தான் அதை நடுக்குழாய்க்குள் இறக்கினோம். இந்த இடத்தில் மலிவைத் தேடாதீர்கள் என்று, இதே வேலையில் இருக்கும் யாரிடமும் கைகூப்பிக் கேட்பேன்.

ரப்பரைப் பற்றி ஒன்று. ரப்பர் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு கேஸ்கெட்டுக்கு வெளியூர் ரப்பர் வாங்குகிறீர்களே என்று குலசேகரத்தில் ஒரு தோட்டக்காரர் வருத்தத்தோடு கேட்டார். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் இயற்கை ரப்பர் மினரல் ஆயிலில் ஊறி உப்பிப்போகும். ஒரு துண்டைப் பழைய ஆயிலில் சில நாட்கள் போட்டு எடுத்துக் காட்டினேன், அவரே விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். வெளிக் கேஸ்கெட்டுக்கு, ஆயில் தாங்கும் செயற்கை ரப்பரான நைட்ரைல் போதும். உள்ளே ஆயில் பின்வடிவைத் தடுக்கும் வளையத்துக்குச் சிலிகோன் ரப்பர் வைக்கிறோம். நீண்ட நாள் சூட்டில் நைட்ரைல் விறைத்துவிடும், விறைத்த வளையம் ஒட்டி மூடாது. வாய்ப்பக்க வால்வும் அதே தட்டில் இருப்பதால், அங்கே கசிவு வந்தால் வெளியே எந்தத் தடயமும் இராது.

டப்பாவின் மேல்பூச்சைக் கடற்கரைக்காகத் தனியாக யோசிக்க வேண்டியிருந்தது. மீன் பெட்டியிலிருந்து சொட்டும் உப்புநீர் மெல்லிய தகட்டை வாய்ப்பக்க மடிப்பில்தான் முதலில் தின்கிறது. பூச்சு அந்த மடிப்புக்குள் இறங்குவதில்லை. மடித்த பிறகு பூசும்படி வரிசையை மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான். துருப்பிடித்த சிறிய டப்பாவைக் கழற்றப் பிடி கிடைக்காமல் திருப்புளியைக் குத்தித் திருப்புகிறார்கள். அதனால் அடிப்பக்கம் பட்டைகளாக மடித்து, சாவி பிடிக்க வழி செய்திருக்கிறோம். வால்வு அடியில் இல்லாததால் அந்த மடிப்புக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

இனி சோதனை. ஆயில் ஃபில்டர் சோதனைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 4548 வரிசையில் இரண்டாம் பகுதி பைபாஸ் வால்வுக்கானது. எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்பதோடு, திறக்கும் முன் எவ்வளவு கசிகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறிய வால்வுகளின் குற்றம் பெரும்பாலும் அந்தக் கசிவில்தான் ஒளிந்திருக்கும், அதைப் பார்க்காமல் திறப்பு எண்ணை மட்டும் விளம்பரப்படுத்துவது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம். அழுத்தத் துடிப்பைத் தாங்கும் சோதனை ஐந்தாம் பகுதியில் வருகிறது, அதற்கு வெளியார் சோதனைக்கூடத்தைத்தான் நாட வேண்டும். அதுவரை எங்களிடம் இருப்பது ஒரு கியர் பம்ப், இரண்டு அழுத்தமானி, ஒரு சூடேற்றும் தொட்டி.

என் முடிவு மாறும் இடம் ஒன்று உண்டு. சில இன்ஜின்களில் ஃபில்டர் தலைகீழாக, வாய் கீழேயும் அடி மேலேயுமாக நிற்கிறது. அங்கே அழுக்கு படிவது வாய்ப்பக்கத்தில்தான். என் வால்வு அந்தப் படிவின் நடுவிலேயே திறக்கும். அந்த வண்டிகளுக்குக் கூட்டாளியின் அடிப்பக்க வால்வே சரி, அதற்குத் தனி டப்பா வேண்டும். படுக்கையாக மாட்டும் வண்டிகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அங்கே அதிகக் காகிதம் உள்ளதே மேல். நாங்கள் எடுத்துக்கொண்ட வண்டிகளில் ஃபில்டர் வாய் மேலாகத் தொங்குகிறது. வாய்ப்பக்க அச்சை முதலில் வெட்டக் கொடுக்கிறோம். மாட்டும் நிலை எது என்பதை அம்புக்குறியோடு டப்பாவின் மேலேயே அச்சிடப் போகிறோம், மெக்கானிக் கையில் எடுத்ததும் கண்ணில் படும்படி.